முறை கேட்காத மொழி

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தேன். விழுந்தேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒரு ஆட்டுக்குட்டிக்கு வழிவிடலாம் என்று வண்டியை ஓரமாக நிறுத்தினேன், நிறுத்திய வண்டியோடு அப்படியே சாய்ந்துவிட்டேன். ஆட்டுக்குட்டி நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. முழங்காலில் சிராய்ப்பு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண் பேண்டேஜ் துணிப் பொட்டலத்தைக் கிழித்தாள். வெளுத்த பருத்தியின் வாசனை, அதில் லேசாக பிளீச்சிங் பவுடர். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மூச்சை இழுத்தேன்.

"வலிக்குதா அங்கிள்?" என்றாள்.

"இல்லம்மா, நல்லாருக்கு" என்றேன். இந்தக் கிழவருக்குக் காலில் மட்டும்தான் அடியா என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள்.

இருபத்துமூன்று வயதில் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். சின்ன யூனிட்தான். முன்னால் ஆபீஸ், பின்னால் தறி, அதற்கும் பின்னால் சலவைத் தொட்டிகள், கடைசியில் ஒரு பொட்டல். அந்தப் பொட்டலில் வெளுத்த துணியை நீளநீளமாகக் கட்டிக் காயப்போட்டிருப்பார்கள். மத்தியானத்தில் அதன் நடுவில் நடந்தால் கண் கூசும், மேற்கே மலை இருப்பதே தெரியாது. என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், கோயிலுக்குப் பின்பக்கத் தெரு. தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது தலையெல்லாம் பஞ்சாக இருக்கும். அம்மா வாசலிலேயே நிறுத்தித் துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

என் வேலை இங்கிலீஷில் கடிதம் அடிப்பது. இங்கிலாந்தில் ஒரு கம்பெனி எங்கள் துணியை வாங்கிக்கொண்டிருந்தது. அங்கே கொள்முதலைப் பார்த்துக்கொண்டது ஒரு பெண்மணி. இங்கே எங்கள் மேனேஜர். அவருக்கு வீட்டில் தெலுங்கு, தறிக்காரர்களிடம் தமிழ், கடிதத்தில் மட்டும் இங்கிலீஷ். அந்த மூன்றாவதில் அவருக்குப் பயம். அதனால் புதிதாக ஒரு வாக்கியம்கூட எழுத விடமாட்டார். பழைய கடிதங்களைக் கோத்துவைத்த தடித்த ஃபைல் ஒன்று உண்டு. எது எழுதுவதானாலும் அதில் இருக்கிற வாக்கியத்தைத்தான் எடுத்துப் போட வேண்டும். நான் ஆசைப்பட்டுச் சொந்தமாக ஒரு வரி சேர்த்தால் போதும்.

"ஏலே, இது ஃபைல்ல இருக்கா?"

"இல்லங்கய்யா."

"அப்ப வேண்டாம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரும்."

ஆக, நான் கற்ற இங்கிலீஷ் அந்த ஃபைலுக்குள் இருந்த இங்கிலீஷ். வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர். கைண்ட்லி டூ த நீட்ஃபுல். ஆஸ் பெர் யுவர் கன்வீனியன்ஸ். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு உலகத்தில் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அந்த வயதில் எதைத்தான் நினைக்கவில்லை.

எனக்கு எதிர் மேஜையில் சண்முகவடிவு. வடிவு என்போம். சேத்தூர்க்காரி. அப்பாவுக்கு விவசாயம், வீட்டுக்கு ஒரே பிள்ளை. பெட்டிமேல் ஒட்டுகிற லேபிள்களை அடிப்பது அவள் வேலை. நான் இங்கிலீஷை வாயில் போட்டு விழுங்கினேன், அவள் மென்று பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் அகராதியைத் திறந்து வைத்துக்கொள்வாள். ஒரு கையில் தயிர்சாதம், இன்னொரு கையால் பக்கம் புரட்டுவாள்.

"இந்த இங்கிலீஷ்காரன் 'நான்'னு எழுதும்போது மட்டும் பெரிய எழுத்து போடுதான், 'நீ'ன்னா சின்ன எழுத்து. இம்புட்டுத் திமிரு எதுக்கு?" என்பாள். தறிப் பக்கத்திலிருந்து யாராவது டீ குடிக்க வந்தால் அவர்களையும் விடமாட்டாள். "அண்ணே, வீட்ல நீங்க எத்தனையாவது பிள்ளைன்னு இங்கிலீஷ்ல கேக்கவே முடியாது தெரியுமா? அந்த 'எத்தனையாவது'க்கு அவன்கிட்ட வார்த்தையே இல்ல." தறிக்காரர், "பாவம், பொறவு எப்படிக் கேப்பான்?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். முன்பின் தெரியாத ஆளுக்கு 'டியர்' என்று எழுதுவது அவளுக்குத் தீராத சந்தேகம். மொகரை தெரியாத மனுஷன் எப்படி அன்புக்குரியவனாவான் என்பாள். எனக்கும் தெரியவில்லை. ஃபைலில் அப்படித்தான் இருந்தது.

இவ்வளவு பேசுகிறவள் என்னைக் கூப்பிட்டதில்லை. இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு ஆளை முறை சொல்லாமல் கூப்பிடவே முடியாது. தறிக்காரர் எல்லாரும் அவளுக்கு அண்ணே. கூட்டுகிற அம்மா அக்கா. மேனேஜர் அய்யா. என்னிடம் மட்டும் "இந்தாங்க", "இதப் பாருங்க", அதோடு சரி. முதலில் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. ஒரு பெண் ஒருவனை அண்ணே என்று சொல்லிவிட்டால் அவன் அண்ணன்தான், அதற்கு மேல் பேச்சில்லை. அவள் அதைச் சொல்லாமல் வைத்திருந்தாள். நானும் அவளைத் தங்கச்சி என்று சொல்லவில்லை. வாடிக்கைப் பேச்சில் எவ்வளவு சுலபமாக வந்து விழுகிற சொல் அது, இரண்டு பேரும் அதை மிதிக்காமல் சுற்றிச் சுற்றிப் போனோம்.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள ஆசை. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. எனக்குப் பின்னால் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள். நான் வாயைத் திறந்து கேட்டால் அவர்களுக்கு மாப்பிள்ளை கிடைக்காது.

அப்போதுதான் இங்கிலாந்துப் பெண்மணியிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. தன்னுடைய கசின் ஒருவர் மெட்ராஸ் வருகிறார், அப்படியே யூனிட்டையும் வந்து பார்ப்பார் என்று எழுதியிருந்தாள். மேனேஜர் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

"கசின்னா யாரு? பெரியப்பா மகனா, மாமன் மகனா?"

"ரெண்டுக்கும் அவங்க கசின்னுதான் சொல்லுவாங்கய்யா" என்றாள் வடிவு.

"அதெப்படி? கூடப்பொறந்த முறையா, கட்டிக்கிற முறையான்னு தெரியாம வார ஆள எப்படி வரவேற்கிறது?"

அகராதியைப் பார்த்தோம். அகராதி கைவிரித்துவிட்டது. மேனேஜர் அரைநாள் யோசித்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஃபைலில் இல்லாத ஒரு வாக்கியத்துக்கு அனுமதி கொடுத்தார். வரப்போகிற கசின் தங்களுக்குத் தந்தை வழியா தாய் வழியா என்பதைத் தயவுசெய்து தெளிவுபடுத்தவும். நான் அடிக்க, வடிவு திருத்த, கடிதம் போனது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. என் தாயாருடைய சகோதரரின் மகன், இந்தத் தகவல் போதுமானது என நம்புகிறேன் என்று எழுதியிருந்தாள். அந்த அம்மாள் முகம் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "தாய்மாமன் மகன். அப்ப முறைமாப்பிள்ளை. மாப்பிள்ளை வாராரு வே."

மாப்பிள்ளையை வரவேற்க மாலைக்குச் சொன்னார். பால்கோவா வாங்கிவரும் பொறுப்பு எனக்கு. கூடவே ஒரு உத்தரவும் போட்டார். வருகிறவரிடம் தடுமாறாமல் பேச வேண்டும், அதனால் இன்றிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் ஆபீசுக்குள் இங்கிலீஷில் மட்டும்தான் பேசிக்கொள்ள வேண்டும். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தொண்டையைச் செருமிக்கொண்டு அவள்தான் ஆரம்பித்தாள்.

"யூ... டுக் யுவர் டிஃபன்?"

அந்த 'யூ' என்மேல் வந்து விழுந்ததை எப்படிச் சொல்ல. ஒரு வருஷமாகப் பெயரில்லாமல் உட்கார்ந்திருந்தவனை ஒருத்தி கூப்பிட்டுவிட்டாள். அதில் அண்ணன் இல்லை, சார் இல்லை, நீங்களும் இல்லை, நீயும் இல்லை. "எஸ். யூ?" என்றேன். அவள் காது சிவந்துபோனது. இரண்டு இட்லியைப் பற்றிய பேச்சு, அதற்கு இந்தப் பாடு.

கசின் வந்தார். நெட்டையான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். மாலையைப் போட்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் நாள் முழுக்கக் கழுத்திலேயே வைத்திருந்தார். பால்கோவாவை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். கிளம்புகிற நேரத்தில், மேனேஜர் பல நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்வியை எடுத்துவிட்டார்.

"சார், வென் இஸ் யுவர் மேரேஜ் வித் மேடம்?"

அந்த மனிதர் முகம் செக்கச்சிவந்தது. "பட் ஷீ இஸ் மை கசின்" என்றார்.

"எஸ், எஸ். கசின். வெரி குட்" என்று மேனேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வடிவு வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். நானும் ஓடினேன். காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் நின்று, வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தோம். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் தொங்கிய துணியில், கப்பலேறிப் போக வேண்டிய துணியில், துடைத்துக்கொண்டாள்.

"அவங்க ஊர்ல யாரும் யாரையும் என்ன முறைன்னு கேக்க மாட்டாங்க போல" என்றாள்.

"கேக்காம எப்படி இருக்காங்க?"

"நிம்மதியா."

கசின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். மேனேஜர் தன் உத்தரவை மறந்தார். நாங்கள் மறக்கவில்லை. யாராவது கேட்டால் பழக்கம் விட்டுப்போகக் கூடாதில்லையா என்போம். ஒன்றரை வருஷம் அப்படிப் பேசியிருக்கிறோம். யூ ஆர் லேட். பஸ் இஸ் லேட், ஐ ஆம் கரெக்ட். யூ ஆர் நாட் ஈட்டிங் வெல். ஹூ இஸ் குக்கிங், யுவர் மதர் ஆர் யூ? இதில் எவ்வளவு தப்பு என்று பள்ளிக்கூட வாத்தியார்கள் எண்ணிக்கொள்ளட்டும். அந்த ஒரு 'யூ'வைக் கேட்பதற்காக நான் ஞாயிற்றுக்கிழமைகளை வெறுத்தேன். வீட்டில் அம்மா, "லீவு நாள்ல எதுக்குடா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்பாள். அதற்குப் பதில் ஃபைலிலும் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றோம். எனக்கு வடக்கே போகிற பஸ், அவளுக்குத் தெற்கே. ஆபீசுக்கு வெளியே நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அன்றைக்கு அவளாக வந்து பக்கத்தில் நின்றாள். தமிழில் பேசினாள்.

"எனக்குப் பாத்துருக்காவ. மிலிட்டரி. எங்க ஊருதான்."

நான் சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"நாளைக்கு அப்பா ஆபீசுக்கு வாராவ. நான் எங்க, யார்கூட வேல பாக்கேன்னு பாக்கணுமாம். மாப்பிள்ள வீட்ல கேட்டாவளாம்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "ஒங்கள நான் என்னன்னு சொல்லட்டும்?"

அவள் கேட்டது எனக்கு விளங்கவில்லை என்று இத்தனை வருஷம் கழித்துப் பொய் சொல்ல மாட்டேன். நன்றாக விளங்கியது. ஒரு பெண் அதற்கு மேல் எப்படிக் கேட்பாள்? நான் ஒரு சொல் சொன்னால் போதும், மறுநாள் அப்பா முன்னால் அதைச் சொல்ல அவள் தயாராக இருந்தாள். என் தங்கைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். என் அப்பாவின் கோபம் ஞாபகம் வந்தது. ஊர் ஞாபகம் வந்தது. நான் லேசாகச் சிரித்தேன், அதை நினைத்தால்தான் இன்னும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது, சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"ஆஸ் பெர் யுவர் கன்வீனியன்ஸ்."

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "சரி" என்றாள். சேத்தூர் பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது, படிக்கட்டில் ஒரு காலை வைத்து ஏறிப் போனாள். நான் என் பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்ததையும் விட்டுவிட்டு அங்கேயே நின்றிருந்தேன்.

மறுநாள் அவள் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மேனேஜருக்குக் கொடுக்க ஒரு பை நிறைய மாங்காய். வடிவு அவரை என் மேஜைக்குக் கூட்டிவந்தாள். "அப்பா, நான் சொன்னேம்லா, கடிதமெல்லாம் அடிக்கிற அண்ணன். இவியதான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அப்பாவுக்கு ஒரு டீ சொல்லுங்க."

நான் போய் டீ சொன்னேன். திரும்பி வந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப்பொறந்தவன் இல்லாத பிள்ள தம்பி, நீங்கல்லாம் இருக்கிங்கன்னுதான் தைரியமா அனுப்புதோம்" என்றார். நல்ல மனிதர். அவர் கையில் மாங்காய்ப் பால் பிசுபிசுத்தது. அன்றோடு எங்கள் இங்கிலீஷ் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வந்தவள், "அண்ணே, சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

தமிழில் உறவுமுறை என்று ஒன்று விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் தன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். அவள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினேன். பட்டாளத்துக்காரர் லீவில் வரும்போதெல்லாம் என்னைத் தேடி வருவார். எடுத்த எடுப்பில் 'மச்சான்' என்பார். பனி மலையில் நின்ற கதை, ரயிலில் மூன்று நாள் வந்த கதை எல்லாம் சொல்வார். அவரை வெறுக்க நான் நிறைய முயன்றேன், நடக்கவில்லை, அவ்வளவு நல்லவர். எனக்கும் கல்யாணம் ஆனது. என் மனைவிக்கு வடிவு நாத்தனார், வடிவுக்கு அவள் மதினி. இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைக் கேலி செய்வார்கள். வடிவின் மகள் பேச ஆரம்பித்ததும் என்னை மாமா என்றாள். காது குத்துக்கு என் மடியில்தான் உட்காரவைத்தார்கள். பிள்ளை வீறிட்டு அழுதது. எனக்கும் அழ ஒரு சாக்கு கிடைத்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அண்ணே, அண்ணே என்று அவள் ஆயிரம் தடவை கூப்பிட்டிருப்பாள். பதிலுக்கு நான் ஒரு தடவைகூடத் தங்கச்சி என்று சொன்னதில்லை. வடிவு என்பேன், இல்லையென்றால் "ஏம்மா" என்பேன். அவள் கவனித்தாளா தெரியாது. கவனிக்காமல் விடுகிற ஆள் இல்லை அவள்.

அந்த யூனிட் இப்போது இல்லை. பொட்டலை மனை போட்டு விற்று, வீடுகள் வந்துவிட்டன. மேனேஜர் போய்ச் சேர்ந்தார். அந்த ஃபைலை யார் எடைக்குப் போட்டார்களோ. என் மகன் பெங்களூரில் இங்கிலீஷிலேயே சண்டை போடுகிறான், இங்கிலீஷிலேயே சமாதானமாகிறான். மருமகள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. போனில் ஒரு விரலால் தட்டினால் கடிதம் தானாக எழுதிக்கொள்கிறது. ஒரு பிழை இல்லை. அதை நான் படித்துப் பார்த்தேன், என்னவோ யாரும் யாருக்கும் எழுதாதது மாதிரி இருந்தது.

போன ஐப்பசியில் ஒரு காலை, விடாத மழை. பட்டாளத்துக்காரர் போனில் கூப்பிட்டார். "மச்சான், வடிவு போயிட்டா" என்றார். நெஞ்சுவலி, மதுரைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே. பிறகு, "பொறந்த வீட்டுக் கோடி போட அவ வீட்டுப் பக்கம் யாரு இருக்கா? நீங்கதான் மச்சான் கொண்டாரணும்" என்றார்.

செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் எடுத்துவந்து போர்த்துகிற கடைசிச் சேலை அது. இராஜபாளையத்தில் இறங்கி ஜவுளிக்கடைக்குப் போனேன். அப்போதுதான் கடை திறந்திருந்தார்கள். விற்கிற பெண் சுறுசுறுப்பாக வந்தாள்.

"யாருக்கு சார்?"

என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். மொழியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "தங்கச்சிக்கு" என்றேன்.

"அவிங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டரை வருஷத்துக்கு மேல் எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தேன், அதற்கப்புறம் இத்தனை வருஷம் அவள் வீட்டுக்குப் போய்வந்தேன், அதைக் கேட்டதில்லை. கேட்கிற உரிமை வேறு ஆளுக்கு என்று விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணே ஒரு பச்சையை எடுத்து விரித்தாள். "இத எடுங்க சார். பில்ல மட்டும் பத்திரமா வச்சிருங்க. அவிங்களுக்குப் பிடிக்கலேன்னா மாத்திக்கிடலாம்" என்றாள். சரிம்மா என்று வாங்கிக்கொண்டேன்.

சேத்தூரில் மழை விட்டிருந்தது. வடிவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சேலையைப் பிரித்துப் போர்த்தினேன். ஒரு பக்கம் இறங்கிவிட்டது, பட்டாளத்துக்காரர் குனிந்து சரிசெய்தார். அவளுக்கு நான் எடுத்துக்கொடுத்த ஒரே சேலை. பச்சை அவளுக்கு நன்றாக இருந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வெளியூர்க் கிழவி ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவிய யாரு? என்ன முறை?" என்று கேட்டாள்.

வடிவின் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்க மாமா, ஆச்சி. அம்மாவுக்கு அண்ணன்" என்றாள்.

கிழவி என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.